வரிசை நேராக இல்லை

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுவதற்கு முந்தின நாள், பெற்றோர் எல்லாரும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ‘கட்டாயம்’ என்ற சொல்லின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்ததால், லிஃப்ட் மெக்கானிக் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, கையில் கிரீஸோடு ஓடி வந்தார். நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவர். அன்றைக்குக் குத்துப்பட வந்தவர்கள் அதிகம் என்பதால் அவரால் வர முடியவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியில் அதையே மதிப்பெண் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள்.

மேடையில் முதல்வர் எழுந்தார். கனத்த சரீரம், கனத்த சாரீரம். ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தெரு வரை கேட்கக்கூடிய குரலை ஒலிபெருக்கிக்குள்ளும் விட்டார்.

“பெற்றோர்களே! ஓர் அதிர்ச்சியான உண்மையைச் சொல்லப்போகிறேன். பத்து மாதம் நாங்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பதை உங்கள் பிள்ளைகள் பத்தே நாளில் மறந்துவிடுகிறார்கள். போன வருடம் சோதித்துப் பார்த்தோம். சில பிள்ளைகள் பள்ளி கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே மறந்துவிட்டார்கள்! விடுமுறை அவ்வளவு கொடியது. இப்படி முழுமையாக மறப்பதில் இந்த வட்டாரத்திலேயே நம் பள்ளிதான் முதலிடம் என்பதையும் வெட்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

பெற்றோர் கை தட்டினார்கள். முதலிடம் என்ற சொல் காதில் விழுந்தால் அவர்கள் கை தானாகத் தட்டும்.

விடுமுறையை ஒழித்துக்கட்ட முதல்வர் ஒரு திட்டம் வைத்திருந்தார். அதற்கு ‘விடுமுறைத் தொடர்கற்றல் ஒழுங்குத் திட்டம்’ என்று பெயர். நாளை முதல் ஒவ்வொரு வீடும் பள்ளியின் ‘இல்லக் கிளை’. அப்பா வகுப்பாசிரியர், அம்மா தலைமையாசிரியை. காலையில் மணி, இறைவணக்கம், கேள்வி நேரம், பாடவேளைகள், இடைவேளை, வீட்டுப்பாடம். தினமும் காலை வணக்கத்தை வீடியோ எடுத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஒழுங்கு தவறும் கிளையின் குழந்தை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரும்.

லிஃப்ட் மெக்கானிக் கடைசி வரிசையில் எழுந்து நின்றார்.

“சார், ஒரு சந்தேகம். லீவுல வீட்டுலயே பள்ளிக்கூடம் நடந்தா, அது லீவு இல்லையே சார்?”

முதல்வர் முகம் மலர்ந்தது. “மிக நல்ல கேள்வி. கேள்வி கேட்கும் பழக்கத்தை எங்கள் பள்ளி எப்போதும் ஊக்குவிக்கிறது. உட்காருங்கள்.”

உட்கார்ந்துவிட்டார். போகும்போது ஆளுக்கொரு பித்தளை மணி கொடுத்தார்கள்.

*

முதல் நாள் வாயாடிக்கு ஒரே குஷி. அப்பா வாத்தியாராம், அம்மா ஹெட்மாஸ்டராம் என்று குதித்தாள். ஹாலில் குளிர்சாதனப் பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே ஒரு சதுரம் கிடைத்தது. அதற்கு ‘காலை வணக்கத் திடல்’ என்று பெயர் வைத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் மணியை ஆட்டினார். அவர் மனைவி ஒரு கையில் சோப்பு நுரையோடு சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

“தலைமையாசிரியை உரை எங்கேங்க?” என்றார் மெக்கானிக்.

“எல்லாரும் சீக்கிரம் குளிங்க. தண்ணி நின்னுடும்” என்றார் தலைமையாசிரியை. உரை முடிந்தது.

பிறகு வாயாடி சீருடையோடு, கைகளைத் தொடையோடு ஒட்டி, ஹாலிலிருந்து படுக்கையறைக்கு வரிசையில் போனாள். படுக்கையறைதான் வகுப்பறை. மெக்கானிக் அத்தனையையும் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது.

‘வரிசை நேராக இல்லை. மீண்டும் அனுப்பவும்.’

பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்று பள்ளிக்குப் போன் செய்தார். “மேடம், எங்க வீட்ல ஒரே பொண்ணு. ஒரு ஆள் நிக்கிற வரிசை எப்படி மேடம் கோணலாகும்?”

“ஒரு குழந்தை இருந்தாலும் வரிசை வரிசைதான் சார். மனசு நேரா இருந்தா வரிசை நேரா இருக்கும்” என்றது எதிர்முனை.

மறுநாள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதன் மேல் மகளை நடக்கவைத்தார். கோடு கோணல் என்று பதில் வந்தது. அதற்கடுத்த நாள், லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குநூலைக் கொண்டுவந்து, தரையில் இழுத்துப் பிடித்துக் கோடு போட்டார். ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று வந்தது. அன்று அவர் மனைவியிடம் அதைக் காட்டி, ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரிச் சிரித்தார். அப்படிச் சிரித்ததை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் கூசிப்போனார்.

*

மாடியில் குடியிருந்த பல் டாக்டர் புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினார். அது வந்த அட்டைப்பெட்டி வாயாடியின் கைக்கு வந்தது. அரை நாளில் அதை லிஃப்டாக்கிவிட்டாள். கதவுக்கு இரண்டு பக்கமும் வெட்டி, உள்ளே பட்டன்கள் வரைந்தாள். கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, அதற்கு மேல் கடல், அதற்கும் மேல் நிலா, உச்சியில் பெரியம்மா வீடு. சாயங்காலம் அப்பா வந்ததும் உள்ளே பிடித்து இழுத்தாள்.

“எந்த மாடி சார்?”

“நிலாவுக்குப் போகணும்மா.”

“நிலா இன்னைக்கு ரிப்பேர். கடல்ல இறங்கி நடந்து போயிடுங்க.”

அம்மாவும் உள்ளே நுழையப் பார்த்தபோது, “ஓவர்லோடு! யாராவது ஒருத்தர் இறங்குங்க! குண்டா இருக்கிறவங்க இறங்குங்க!” என்று கத்தினாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பெட்டியின் ஒரு பக்கம் பிய்ந்தது. அந்தக் கோடையில் அந்த வீட்டில் கேட்ட உருப்படியான சத்தம் அதுதான்.

கிளை ஆய்வுக்கு ஆள் வந்தது அதற்கு மறுநாள். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் பிள்ளைகள் அவரை விசில் சார் என்பார்கள். விடுமுறையில் ஓடவிடப் பிள்ளைகள் கிடைக்காமல் அவரும் இளைத்துத்தான் போயிருந்தார். உள்ளே வந்ததும் ஒரு விசில் அடித்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து வீறிட்டது.

“வகுப்பாசிரியர் யாரு?”

“நான்தான் சார்” என்றார் மெக்கானிக், பனியனை இழுத்துவிட்டபடி.

“பனியனோடவா பாடம் எடுக்கறீங்க?”

“இல்ல சார், இப்போ விளையாட்டு நேரம்.”

விசில் சாரின் கண் அட்டைப்பெட்டியில் விழுந்தது. “தன்னிச்சையான விளையாட்டா, திட்டமிட்ட தன்னிச்சையான விளையாட்டா?”

“புரியல சார்.”

“தன்னிச்சையா விளையாடறதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும் சார். தோணினப்ப எல்லாம் தன்னிச்சையா விளையாடிட்டிருந்தா என்ன ஆவும்? நாளைக்கு வேற எதையாவது செய்யத் தோணும். அப்புறம் அது ஒரு பழக்கமாயிடும்.” பெட்டியைச் சுற்றி வந்து வாயாடியிடம் குனிந்தார். “இதுனால கற்றல் விளைவு என்னம்மா?”

“மேல போகும் சார்” என்றாள் வாயாடி. “நீங்க வரீங்களா? விசில் வெயிட்டா? கழட்டி வெச்சிட்டு வாங்க.”

விசில் சார் ஒரு நிமிடம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கால்கூடக் கொஞ்சம் முன்னால் போனது. பிறகு தான் யார் என்பது நினைவுக்கு வந்து நிமிர்ந்தார்.

“கடல் மாடியில இருக்கறதா போட்டிருக்கா. பொது அறிவு பிழை. பெட்டியை மடிச்சிடுங்க. பின்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு எழுதிச் சுவத்துல மாட்டுங்க. நாளைக்கு போட்டோ வரணும்.”

மெக்கானிக்குக் கோபம் வந்தது. வந்த கோபம், அதே வகுப்பில் இன்னொரு வருடம் என்ற நினைப்பில் இடித்துக்கொண்டு நின்றது. அவரே தன் வேலைப் பையிலிருந்து கத்தியை எடுத்துப் பெட்டியை நான்கு பக்கமும் கீறினார். வாயாடி அழவில்லை. “அப்பா, உள்ள ஆள் இருக்காங்கப்பா, மெதுவா” என்று மட்டும் சொன்னாள்.

*

நடுக்கோடையில் வாயாடிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா பள்ளிக்குப் போன் செய்து, இரண்டு நாளைக்குக் காலை வணக்கம் இருக்காது என்றார்.

“விடுமுறையில விடுப்பு வேணும்னா முறையா விண்ணப்பிக்கணும் மேடம். பெற்றோர் வகுப்பாசிரியருக்கு எழுதணும். வகுப்பாசிரியர் விசாரிச்சுத் தலைமையாசிரியைக்குப் பரிந்துரைக்கணும். அவங்க ஒப்புதல் கொடுத்து எங்களுக்கு அனுப்பணும்.”

“பெற்றோரும் என் வீட்டுக்காரர்தான், வகுப்பாசிரியரும் அவர்தான் மேடம். தலைமையாசிரியை நான். நான்தான் இப்போ சொல்றேனே!”

“வாய்மொழியா ஏத்துக்க முடியாது மேடம்.”

மகளின் நெற்றியில் ஒரு கையால் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு, மெக்கானிக் மறு கையால் தனக்கே எழுதினார்: ‘மதிப்பிற்குரிய ஐயா, என் மகளுக்குக் காய்ச்சல்.’ பிறகு அதைப் படித்துப் பார்த்து, ‘விசாரித்ததில் உண்மை எனத் தெரிகிறது’ என்று அதற்குக் கீழே தானே எழுதினார். மனைவி ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். மாத்திரை வாங்கப் போக வேண்டிய நேரத்தில் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

‘விண்ணப்பித்தவர், விசாரித்தவர் இருவர் கையெழுத்தும் ஒன்றுபோல் இருக்கிறது. கூட்டுச்சதியோ என ஐயம் எழுகிறது’ என்று பதில் வந்தது.

அவர் மனைவி போனைப் பிடுங்கித் துவைக்கிற துணிக்கூடைக்குள் போட்டார். “ஊசி எடுத்துட்டுப் போய் அந்த முதல்வர் கையில குத்திட்டு வந்துடவா?” என்றார். குத்தப் போகவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் தணிந்ததும், போர்வையைச் சுற்றிக்கொண்டு வாயாடியே எழுந்து சாக்பீஸ் கோட்டின் மேல் போய் நின்றாள். “மணி அடிங்கப்பா. இல்லன்னா மறுபடியும் மூணாவதுல உக்கார வெச்சிடுவாங்க” என்றாள்.

அதன்பின் அந்தக் கிளையிலிருந்து ஒரு குறையும் போகவில்லை. வீடியோவுக்கு வீடியோ நட்சத்திரம் விழுந்தது. மெக்கானிக் சீக்கிரமே அதைக் கவனிப்பதை விட்டுவிட்டார். காலையில் மணியை அடிப்பார், படம் எடுப்பார், வேலைக்கு ஓடுவார்.

ஒருநாள் சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டே ஹாலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு பெரிய ஆபீசர் லிஃப்டுல மாட்டிக்கிட்டான். உள்ள இருந்தே போன் பண்ணி, லிஃப்டை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டினான்.”

சாதாரணமாக இந்த இடத்தில் கேள்விகள் கொட்டும். ஆபீசர் எவ்வளவு குண்டு, அழுதானா, லிஃப்டுக்கு எங்கே சம்பளம், வேலையை விட்டுத் தூக்கினால் லிஃப்ட் எங்கே போகும். மெக்கானிக் துண்டால் முகத்தைத் துடைத்தபடி காத்திருந்தார். ஹாலில் சத்தமே இல்லை. மகள் வெளியே போயிருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தார்.

நாற்காலியில்தான் இருந்தாள். கையைக் கட்டி, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்திருந்தாள். அவர் பார்த்ததும் மெல்லக் கையைத் தூக்கினாள்.

“என்னம்மா?”

“தண்ணி குடிக்கலாமாப்பா?”

“இதைப் போய்க் கேப்பாங்களாடா? போய்க் குடி.”

குடித்துவிட்டு வந்து மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள்.

“அந்த ஆபீசரைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?”

வாயாடி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். “கேள்வி நேரம் காலையிலயே முடிஞ்சிடுச்சுப்பா.”

மெக்கானிக் போய்ப் பித்தளை மணியை எடுத்துச் செருப்பு அலமாரிக்குள் வைத்து மூடினார்.

*

மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே பள்ளிக்குப் போனார். என்ன ஆனாலும் சரி, மகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

பள்ளிக்கூடம் ஜம்மென்று இருந்தது. சுவரெல்லாம் புது வர்ணம். விளையாட்டுத் திடலில் பிள்ளைகளின் கால் படாமல் புல் பச்சைப் பசேலென்று வளர்ந்திருந்தது. அதன் நிழலான ஓரத்தில் ஆசிரியர்கள் சிலர் நாற்காலி போட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். முதல்வர் அவரை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்.

“பார்த்தீங்களா? நான் வந்து இத்தனை வருஷத்துல முதல் தடவையா இந்தக் கட்டடம் ஒழுங்கா இருக்கு. கழிப்பறை நாறல. பெஞ்சு உடையல. ஒரு புகார் இல்ல. என்ன காரணம்னு கமிட்டி போட்டு ஆராய்ஞ்சோம். பிள்ளைகள் வரலைங்கறதைத் தவிர வேற காரணமே தெரியல.”

“சார், என் பொண்ணு விஷயமா…”

“அதுக்குத்தான் நானே கூப்பிடணும்னு இருந்தேன்!” முதல்வர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாயாடி, வாயாடின்னு எத்தனை ஆசிரியர்கள் தலையில அடிச்சிக்கிட்டாங்க! மூணு வருஷமா எங்களால அடக்க முடியல. நீங்க ஒரே லீவுல அடக்கிட்டீங்க. எப்படி சார்? என்ன செஞ்சீங்க? சிறந்த வகுப்பாசிரியர் விருது உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமை விழா. பொண்ணைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. மேடையில நிறுத்திக் காட்டணும்.”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த எதுவும் மெக்கானிக்கின் வாயில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். கேட்டருகே நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

வீட்டில் அவர் சொன்னது முழுவதையும் மனைவி கேட்டுக்கொண்டார். பிறகு, “போங்க. போய் வாங்கிக்கிட்டு, அவங்க முன்னாடியே கீழ வெச்சிட்டு வாங்க” என்றார். “நானும் வரேன்.”

*

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் ஒரு பக்கமும் பெற்றோர் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பிள்ளைகள் இருந்தும் காற்றாடிச் சத்தம் கேட்டது. வந்த விருந்தினர்கள் அதைக் கேட்டு மெய்மறந்தார்கள்.

முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெற்றோர்களே! விடுமுறையில் இல்லக் கிளைகள் இவ்வளவு சிறப்பாக நடந்திருக்கும்போது, அவற்றை மூடுவது எவ்வளவு பெரிய கல்வி இழப்பு! எனவே வரும் கல்வியாண்டு முழுவதும் பாடங்கள் உங்கள் வீடுகளிலேயே தொடரும். பள்ளிக்கூடம் தன் முழுக் கவனத்தையும் நிர்வாகத்தில் செலுத்தும். பிள்ளைகளால் ஏற்படும் இடையூறு இனி இங்கே இருக்காது. எங்கள் நீண்ட நாள் கனவு நிறைவேறுகிறது!”

பெற்றோர் கை தட்டினார்கள். தட்டத் தொடங்கிய பிறகுதான் சிலருக்கு என்ன சொன்னார் என்பது உறைத்தது. ஆனால் பாதியில் நிறுத்தினால் மரியாதையாக இருக்காது என்று தொடர்ந்து தட்டினார்கள்.

பிறகு மெக்கானிக்கையும் மகளையும் மேடைக்கு அழைத்தார்கள். முதல்வர் வாயாடியின் தலையில் கை வைத்தார். “இந்தக் குழந்தையைப் பாருங்கள். மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தவள். இப்போது மூச்சு மட்டும் விடுகிறாள்! சொல்லும்மா, விடுமுறை எப்படி இருந்தது?”

வாயாடி சபையைப் பார்த்தாள். கீழே மூன்றாம் வரிசையில் அம்மா எழுந்து நிற்பதைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வலது கையை மெல்லத் தூக்கினாள்.

“ஆகா! அனுமதி கேட்கிறாள்!” என்று முதல்வர் உருகினார். சபையும் உருகியது.

மெக்கானிக் குனிந்து மகளின் தூக்கிய கையைப் பிடித்தார். அதைக் கீழே இறக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“கையைத் தூக்க வேணாம்டா. யார்கிட்டயும் கேக்க வேணாம். பேசு.”

“தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தாலும் பேசு.”

வாயாடி முதல்வரை அண்ணாந்து பார்த்தாள்.

“சார், பிள்ளைங்களே வரலைன்னா, நீங்க யாருக்கு சார்?”

முதல்வர் சிரித்தார். “என்னம்மா?”

“இல்ல சார், நாங்க வந்தாதானே நீங்க சார்? நாங்க வரலைன்னா நீங்க இந்த வீட்ல தனியா இருக்கிற ஒரு மாமாதானே? உங்களுக்கு யாரு மணி அடிப்பா? நீங்களே அடிச்சிட்டு நீங்களே ஓடி வருவீங்களா? மதியம் யாரு கூட சாப்பிடுவீங்க?”

பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு, அடக்க முடியாமல், மூக்கு வழியாக வந்தது. அதைக் கேட்டு இன்னொன்று.

“இந்தக் கேள்விக்கு இன்னும் பாடவேளை ஒதுக்கப்படவில்லை!” என்றார் முதல்வர். அது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. அவ்வளவுதான். பல் டாக்டர் மகன் எழுந்து, “சார், அப்போ கழிப்பறையை நீங்களே யூஸ் பண்ணுவீங்களா?” என்றான். இன்னொரு சிறுமி, கனவு நிறைவேறிவிட்டால் அடுத்து என்ன கனவு காண்பார் என்று கேட்டாள். கோடை முழுவதும் கேள்வி நேரத்துக்குக் காத்திருந்த கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. விசில் சாருக்கு முதல்வர் சைகை காட்டினார். விசில் சார் விசிலை எடுத்தார், வாயருகே கொண்டுபோனார், என்ன நினைத்தாரோ, துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக் விருதை வாங்கவே இல்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். மனைவி நடைபாதையில் காத்திருந்தார். “நம்ம பொண்ணை வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்கலாம். எல்லாப் பள்ளிக்கூடமும் இப்படியேவா இருந்துடும்?” என்றார். மெக்கானிக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனாலும் சரி என்றார்.

பின்னாலேயே வேறு சில பெற்றோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஆனால் எல்லாரும் வெளியேறிவிடவில்லை. பாதிப் பேர் உட்கார்ந்திருந்து விழாவை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பிள்ளைகள் குறைந்துபோன அந்தப் பள்ளி, வட்டாரத்திலேயே மிகத் தூய்மையான பள்ளி என்ற விருதை அந்த ஆண்டே தட்டிச் சென்றது. அதை வாங்கிக்கொண்டு முதல்வர் ஆற்றிய உரை முந்தைய உரைகளைவிட நீளம் என்று கேள்வி. இடையில் யாரும் குறுக்கிடவில்லையாம்.

விழா அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் வாயாடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முதலில் அந்த லிஃப்ட் ஆபீசர் எவ்வளவு குண்டு என்று கேட்டாள். பிறகு அவன் அழுதானா, அழுதால் லிஃப்டுக்குள் எதிரொலிக்குமா, பேருந்துக்கு ஏன் மாடி இல்லை, இருந்தால் அதற்கு லிஃப்ட் வைப்பார்களா, டிரைவர் தாத்தா தும்மும்போது கண்ணை மூடினால் பேருந்து எங்கே போகும் என்று கேட்டாள். பதில் வருமுன் அடுத்தது வந்தது. முன் இருக்கையில் தூங்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சார், பாப்பாவைக் கொஞ்சம் வாயை மூடிட்டு வரச் சொல்றீங்களா?”

“மன்னிச்சிக்கங்க சார்” என்றார் மெக்கானிக். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் மகளிடம் எதுவும் சொல்லவில்லை.